ஐபெர்ஃபில் 2.35, கோப்பில் நாலு பைட் தப்பு: ஒரு 2.5 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டோடு நான்கு மாதம்

என் ஃபைல் சர்வரில் நான்கு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் 2.5 ஜிகாபிட் பிசிஐஇ நெட்வொர்க் கார்டு பற்றி எழுதுகிறேன். 5க்கு இரண்டரை கொடுக்கிறேன். வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் நாலரை கொடுத்திருப்பேன், அதில் குறையே இல்லை. ஆனால் கொடுத்த டேட்டாவைக் கொடுத்தபடியே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஒரு நெட்வொர்க் கார்டின் முதல் வேலை, அந்த வேலையில் இது தவறியது, தவறுகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஆறு வாரம் பிடித்தது. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. நான் பார்த்தது ஒரே ஒரு கார்டு, அதை வைத்து ஒரு பெயரைத் தெருவுக்கு இழுப்பது நியாயமில்லை. அதோடு, நான் செய்த சோதனைகள் எந்தக் கார்டு வைத்திருப்பவருக்கும் உதவும், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கார்டு பார்க்க நன்றாகவே இருக்கிறது. சின்ன ஸ்லாட்டில் உட்காரும் அளவு, சிப்பின் மேல் அலுமினிய ஹீட்சிங்க், ஒரே போர்ட், குட்டை பிராக்கெட்டும் நெட்டை பிராக்கெட்டும் பெட்டியிலேயே இருந்தன, சோல்டரிங் சுத்தம். லினக்ஸ் பூட் ஆனதும் தானாகக் கண்டுகொண்டது. உடனே நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டிப் பார்த்தேன், இரண்டு திசையிலும் 2.35 ஜிகாபிட். 1500 எம்டியு (ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் 1500 பைட்) வைத்திருக்கும்போது 2.5 ஜிகாபிட் இணைப்பில் டிசிபிக்கு (டேட்டாவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் நெட்வொர்க் விதிமுறை) கிடைக்கக்கூடிய உச்சமே அவ்வளவுதான், மிச்சம் ஹெட்டர்களுக்கும் பாக்கெட்டுகளுக்கு நடுவில் விடும் இடைவெளிக்கும் போய்விடும். நல்ல கார்டு, வாங்கலாம் என்று அன்று ராத்திரியே இரண்டு நண்பர்களுக்குச் சொன்னேன். பிறகு அவர்கள் இருவரையும் கூப்பிட்டு, வாங்கியிருந்தால் இன்னின்னதைச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

தொல்லை இரண்டாம் வாரம் ஆரம்பித்தது. பெரிய கோப்புகளை எஸ்எஸ்ஹெச் (மறைகுறியாக்கிய தொலை இணைப்பு) வழியாக சர்வருக்கு அனுப்பும்போது நடுவழியில் இணைப்பு அறுந்துவிடும். தினமும் இல்லை, ஒரு நாள் இரண்டு முறை அறுக்கும், அப்புறம் மூன்று நாள் ஒன்றுமே நடக்காது. சர்வரின் லாகில் ஒரே ஒரு வரி: ‘கரப்டட் மேக் ஆன் இன்புட்’. இந்த வரியைப் பார்த்து கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியில் ஏதோ கோளாறு என்று நினைப்பவர்கள் நிறைய பேர், நானும் முதலில் அந்தப் பக்கம்தான் போனேன். இந்த மேக் வேறு. எஸ்எஸ்ஹெச் தான் அனுப்பும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புக் குறியீடு சேர்த்து அனுப்புகிறது, அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது ஒரு பிட் மாறியிருந்தாலும் குறியீடு ஒத்துப்போகாது, உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். அதாவது டிசிபி எல்லாம் சரியாக இருக்கிறது என்று மேலே ஏற்றிக் கொடுத்த டேட்டா, எஸ்எஸ்ஹெச் கைக்கு வரும்போது தப்பாக இருக்கிறது. நடுவில் யாரோ படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. எஸ்எஸ்ஹெச் கண்டுபிடித்துக் கத்துகிறது, சரி. இதே கார்டு வழியாக என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) நான் நகல் எடுத்த கோப்புகளை யார் சரிபார்த்தார்கள்? யாரும் இல்லை. அந்த இரண்டு வாரத்தில் ஏற்றிய வீடியோ கோப்புகளை எல்லாம் இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ256 (கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற எண்) போட்டு ஒப்பிட்டேன். மூன்று கோப்புகள் ஒத்துப்போகவில்லை. அளவு அதே, தேதி அதே, திறந்தால் ஓடவும் செய்கின்றன, உள்ளே மட்டும் வேறு. நல்லவேளை, பழைய டிஸ்க்கை நான் இன்னும் அழிக்கவில்லை.

இது எப்படி நடக்க முடியும் என்று புரிய வேண்டுமானால் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த ‘ஹார்டுவேர் ஆஃப்லோடு’ என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். சிபியு செய்ய வேண்டிய எடுபிடி வேலைகளைக் கார்டு தன் தலையில் போட்டுக்கொள்வதுதான் ஆஃப்லோடு. 2.5 ஜிகாபிட் முழு வேகத்தில் 1500 பைட் பாக்கெட்டுகள் நொடிக்கு 2 லட்சத்துக்கு மேல் வரும். ஒவ்வொன்றையும் பிரித்து, பைட்டுகளைக் கூட்டி, ஹெட்டரில் எழுதியிருக்கும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையான செக்சத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது சிபியுவுக்குச் சுமை, அதனால் கார்டே பார்த்துச் சொல்லிவிடுகிறது. அனுப்பும்போதும் அப்படித்தான், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) செக்சத்தை அரைகுறையாக எழுதிக் கொடுக்கும், கார்டு கணக்கை முடித்து வெளியே அனுப்பும். டிஎஸ்ஓ என்பது இன்னும் ஒரு படி மேலே: கெர்னல் கிட்டத்தட்ட 64 கிலோபைட் மொத்தைக் கட்டியாகக் கொடுக்கிறது, கார்டு அதை 1448 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஹெட்டர் போட்டு, வரிசை எண் மாற்றி, செக்சம் எழுதி அனுப்புகிறது. வரும் பாக்கெட்டுகளை ஒட்டிப் பெரிதாக்கிக் கொடுப்பது எல்ஆர்ஓ. அதையே கார்டை நம்பாமல் கெர்னல் தன் மென்பொருளில் செய்வது ஜிஆர்ஓ, 2009இல் 2.6.29 கெர்னலில் வந்தது. வி-லேன் (ஒரே கம்பியில் தனித்தனி நெட்வொர்க்குகள் ஓட்டும் முறை) பாக்கெட்டில் ஒட்டும் அடையாளச் சீட்டான டேக்கைக் கழற்றுவது, மாட்டுவது இவையும் கார்டின் வேலைதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஈதர்நெட் ஃபிரேமுக்கு 32 பிட் சிஆர்சி என்ற பிழை காட்டும் குறியீடு இருக்கிறது, அது கம்பி வழியே வரும்போது நடக்கும் சேதத்தைப் பிடித்துவிடும். அதற்கு மேல் டிசிபிக்கு 16 பிட் செக்சம் இருக்கிறது, அது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுப் பாதைக்கும் காவல் என்று நம்பி உருவாக்கப்பட்டது. ஆர்எக்ஸ் (உள்ளே வரும் பக்கம்) செக்சம் ஆஃப்லோடு போட்டுவிட்டால் அந்தக் காவல்காரர் கார்டின் வாசலிலேயே நின்றுவிடுகிறார். கார்டு சரிபார்த்து ‘சரி’ என்று சொன்ன பிறகு, கார்டின் உள்ளே இருக்கும் பஃபரிலோ, அங்கிருந்து ரேமுக்குக் கொண்டுபோகும் வழியிலோ ஏதாவது கெட்டால், அதைப் பார்க்க ஆள் இல்லை. ஐபெர்ஃபும் பார்க்காது. அது எத்தனை பைட் வந்தது என்று எண்ணும், வந்தது என்ன என்று படிக்காது. அதனால்தான் 2.35 என்று அழகாகக் காட்டிக்கொண்டே இருந்தது.

இதெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறேன், ஆனால் அப்போது நான் மூன்று வாரம் வேறெங்கோ தேடினேன். கேபிள் மாற்றினேன், சுவிட்சில் போர்ட் மாற்றினேன், ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினேன், ரேமில் பிழை இல்லை. கார்டின் விற்பனைக்குப் பிந்தைய உதவிக்கு எழுதினேன். முதல் பதில் ‘கேபிளை மாற்றிப் பாருங்கள்’. மாற்றிவிட்டேன் என்றதற்கு இரண்டாம் பதில் ‘விண்டோஸ் டிரைவரை மறுபடி நிறுவுங்கள்’. நான் லினக்ஸ் என்று முதல் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். இந்த விமர்சனத்தில் அரை மதிப்பெண் அங்கேயே போனது.

அந்த மூன்று வாரத்தில் நான் விழுந்த ஒரு பள்ளத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் விழாதவர்கள் குறைவு. சர்வரிலேயே, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டி விவரமாகக் காட்டச் சொன்னால், வெளியே போகும் பாக்கெட்டுகளில் பாதிக்கு மேல் செக்சம் தவறு என்று காட்டும். அதைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிவிடுவோம். அது பொய்யான தடயம். டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பிடிப்பது கார்டுக்குப் போகும் முன்னால், செக்சத்தைக் கார்டு இன்னும் எழுதவே இல்லை, அதனால் தவறாகத்தான் தெரியும். அதே மாதிரி 1500 எம்டியு வைத்திருக்கும் இடத்தில் 65,160 நீளமுள்ள பாக்கெட் போவது போலக் காட்டும். அது 1448 பைட் துண்டுகள் 45 சேர்ந்த டிஎஸ்ஓ கட்டி, கம்பியில் அப்படி ஒன்று போகவே இல்லை. உண்மையாகக் கம்பியில் என்ன போகிறது என்று பார்க்க வேண்டுமானால் எதிர்முனை மெஷினிலோ, சுவிட்சில் மிரர் போர்ட் (பாக்கெட்டுகளின் நகலை அனுப்பும் போர்ட்) வைத்தோ பிடிக்க வேண்டும். நான் நாலு நாள் அந்தத் தவறான செக்சங்களை வைத்து அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் சரியான வழிக்கு வந்தேன். கார்டின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கட்டளையில் சிறிய கே போட்டால் கார்டின் ஆஃப்லோடுகள் எல்லாம் எது ஆன், எது ஆஃப் என்று பட்டியலாக வரும். பெரிய கே போட்டால் ஒவ்வொன்றையும் மாற்றலாம். பக்கத்தில் ‘ஃபிக்ஸ்டு’ என்று இருப்பவற்றை மாற்ற முடியாது. மூன்று கோப்புகளும் கெட்டது சர்வருக்கு உள்ளே வரும் வழியில், அதனால் ஆர்எக்ஸ் செக்சத்தை மட்டும் அணைத்தேன், வேறு எதையும் தொடவில்லை. இப்போது கெர்னலே ஒவ்வொரு பாக்கெட்டையும் கூட்டிப் பார்க்கும். என்ஸ்டாட் கட்டளையில் டிசிபி இன்செக்சம் எரர்ஸ் என்று ஒரு எண்ணி இருக்கிறது, செக்சம் ஒத்துப்போகாத டிசிபி பாக்கெட் வந்தால் ஒன்று கூடும். ஒழுங்கான மெஷினில் வருடக்கணக்கில் அது பூஜ்யமாகவே இருக்கும். 200 ஜிபி நகல் எடுக்க விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் எண்ணி 11.

அந்த 11ஐப் பார்த்தபோது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கார்டின் பிழை எண்ணிகளை ஈத்டூலில் பெரிய எஸ் போட்டுப் பார்த்தேன், சிஆர்சி பிழை பூஜ்யம். ஆக, கம்பியில் ஒன்றும் கெடவில்லை, கேபிளும் சுவிட்சும் குற்றமற்றவை. கார்டு தன் கணக்கில் சரி என்று சொல்லியிருக்கும் பாக்கெட், கெர்னலின் கணக்கில் தப்பு. கெட்டது கார்டுக்கும் ரேமுக்கும் நடுவில். மதர்போர்டின் சொந்த 1 ஜிகாபிட் போர்ட்டில் கேபிளை மாற்றிச் சொருகி, அதிலும் ஆர்எக்ஸ் செக்சத்தை அணைத்து, அதே 200 ஜிபியை ஓட்டினேன், பூஜ்யம். கார்டை வேறு ஸ்லாட்டில் மாட்டினேன், எண்ணி மறுபடி ஏறியது. வேறு மெஷினில் மாட்டினேன், அங்கேயும் ஏறியது.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆர்எக்ஸ் செக்சம் அணைந்திருந்தால் கெட்ட பாக்கெட்டைக் கெர்னல் தூக்கி எறியும், எதிர்முனை மறுபடி அனுப்பும், கோப்பு சரியாக வந்து சேரும். நிறைய பேர் இந்த இடத்தோடு ‘ஆஃப்லோடு எல்லாவற்றையும் அணை’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. டிசிபியின் 16 பிட் செக்சம் வெறும் கூட்டல்தான், இரண்டு பைட் சொற்கள் இரண்டு இடம் மாறி உட்கார்ந்தால் கூட்டுத்தொகை மாறாது, தப்பு தெரியாமலே போய்விடும். அதை மட்டும் நம்பி வீட்டில் எல்லோருடைய புகைப்படங்களையும் வைக்க எனக்குத் துணிவில்லை. காரணம் தெரிய வேண்டும்.

கெட்டுப்போன மூன்று கோப்புகளையும் நல்ல நகல்களோடு சிஎம்பி கட்டளையில் எல் போட்டு ஒப்பிட்டேன். எந்தெந்த பைட் மாறியிருக்கிறது, அங்கே என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கிறது என்று வரி வரியாகக் காட்டும், எண்களை எட்டடிமானத்தில் எழுதும். முதல் கோப்பில் அடுத்தடுத்து நாலே நாலு பைட் மாறியிருந்தது. அங்கே இருந்தது 201, 0, 0, 24. இரண்டாவது கோப்பைப் பார்த்தேன், வேறு இடம், அதே நாலு பைட், 201, 0, 0, 24. மூன்றாவதிலும் அதுவே, அதில் இரண்டு இடத்தில். கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறடிமானத்தில் மாற்றினால் 81, 00, 00, 14. வி-லேன் தெரிந்தவர்களுக்கு அடுத்த வரியை நான் எழுதவே தேவையில்லை: 8100 என்பது 802.1கியூ டேகின் அடையாள எண், அதற்குப் பின்னால் இருக்கும் பதினாறடிமான 14 என்றால் 20, என் ஃபைல் சர்வர் இருக்கும் வி-லேன் எண் 20. கார்டு பாக்கெட்டிலிருந்து கழற்றிய நாலு பைட் டேக், எப்போதாவது ஒரு முறை, தூக்கி எறியப்படாமல் என் வீடியோவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது!

ஆர்எக்ஸ் செக்சத்தை மறுபடி ஆன் செய்யாமல் அப்படியே வைத்துக்கொண்டு, ஆர்எக்ஸ் வி-லேன் ஆஃப்லோடை மட்டும் அணைத்தேன். டேக்கை இனி கெர்னலே கழற்றும். 200 ஜிபி ஓட்டினேன், எண்ணி பூஜ்யம். மறுநாள் இரண்டு தடவை ஓட்டினேன், பூஜ்யம். ஆன் செய்தேன், ஏறியது. அணைத்தேன், நின்றது. டேக் இல்லாத சாதாரண நெட்வொர்க்கில் சொருகியும் பார்த்தேன், எல்லா ஆஃப்லோடும் ஆனில் இருந்தாலும் ஒன்றுமே நடக்கவில்லை. வி-லேன் வைக்காமல் இந்தக் கார்டை வாங்கியவர் இதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டார், ஐந்து மதிப்பெண் கொடுத்துவிட்டுப் போவார், அவர் பக்கம் அது நியாயம்தான். டேக்கைக் கெர்னல் கழற்றுவதால் சிபியுவுக்குக் கூடும் வேலை மிகச் சின்னது, வேகம் அதே 2.35.

இரண்டாவது கோளாறு அனுப்பும் பக்கம், இது டிரைவர் சம்பந்தப்பட்டது, முதலாவதைப் போல மறைந்திருந்து கொல்லாது, வெளிப்படையாகவே படுத்துவிடும். சர்வரிலிருந்து இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளை இழுத்தால் சில சமயம் நெட்வொர்க் சட்டென்று நிற்கும், கெர்னல் லாகில் ‘நெட்டெவ் வாட்ச்டாக், டிரான்ஸ்மிட் கியூ 0 டைம்ட் அவுட்’ என்று வரும், கார்டு ரீசெட் ஆகும், சில நொடியில் மறுபடி ஓடும். கார்டிடம் கொடுத்த பாக்கெட் போய்விட்டது என்ற தகவல் வராமலே இருந்தால், வழக்கமாக 5 நொடி பார்த்துவிட்டு, கெர்னல் கார்டு தொங்கிவிட்டது என்று முடிவுகட்டும். அந்த வாட்ச்டாக்தான் இது.

இதைத் தேடும்போது ஈத்டூல் காட்டிய ஒரு வரியை நான் படிக்காமல் விட்டிருந்தால் தவறான முடிவுக்குப் போயிருப்பேன். டிஎக்ஸ் (வெளியே அனுப்பும் பக்கம்) செக்சத்தை அணைத்தேன், தொங்குவது நின்றது. உடனே டிஎக்ஸ் செக்சத்தில்தான் கோளாறு என்று எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் அணைத்தபோது ஈத்டூல் ‘உண்மையில் மாறியவை’ என்று ஒரு சின்னப் பட்டியலும் கொடுத்திருந்தது, அதில் டிஎஸ்ஓவும் ஆஃப் என்று இருந்தது. கட்டியை வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் எழுதுவது டிஎஸ்ஓவின் வேலை, செக்சம் எழுதும் திறமையை எடுத்துவிட்டால் டிஎஸ்ஓ நிற்க முடியாது, அதனால் கெர்னல் அதையும் சேர்த்தே அணைத்துவிடுகிறது. நான் ஒன்றை அணைத்ததாக நினைத்தேன், இரண்டு அணைந்திருந்தன. டிஎக்ஸ் செக்சத்தைத் திரும்ப ஆன் செய்து, டிஎஸ்ஓவை மட்டும் அணைத்தேன், தொங்கவில்லை. ஆக, செக்சம் நல்லது, டிஎஸ்ஓதான் தொல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முழுப் பட்டியலை மறுபடி எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுவிடுங்கள், இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்.

டிஎஸ்ஓ இல்லாமல் சிபியு எகிறிவிடும் என்று பயந்தேன், அப்படி ஆகவில்லை. ஜிஎஸ்ஓ (டிஎஸ்ஓவின் வேலையைக் கெர்னலே மென்பொருளில் செய்வது) ஆனில் இருக்கும்வரை கெர்னல் அதே பெரிய கட்டியைத்தான் தன் அடுக்குகள் வழியாகக் கடைசிவரை கொண்டுவருகிறது, டிரைவர் வாசலுக்கு வந்த பிறகுதான் துண்டுபோடுகிறது. ரூட்டிங், ஃபயர்வால் விதிகள் எல்லாம் 45 துண்டுக்குப் பதில் ஒரு கட்டிக்கு ஒரு தடவை ஓடுவதால் லாபத்தில் பெரும்பங்கு அப்படியே கிடைத்துவிடுகிறது. அதனால் டிஎஸ்ஓவை அணைக்கும்போது ஜிஎஸ்ஓவையும் ஜிஆர்ஓவையும் சேர்த்து அணைத்துவிடாதீர்கள், அவை கார்டை நம்பியிருக்கும் வேலைகளே கிடையாது. என் சர்வரில் அனுப்பும் வேகம் குறையவில்லை. 10 ஜிகாபிட் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அங்கே நொடிக்கு 8 லட்சம் பாக்கெட்டுக்கு மேல் போகிறது, டிஎஸ்ஓ இல்லாதது கண்ணுக்குத் தெரியும்.

இதில் டிரைவர் எங்கே வருகிறது என்றால், முதல் மாதம் நான் ஓட்டிக்கொண்டிருந்தது கம்பெனி தன் தளத்தில் கொடுக்கும் டிரைவரை. புதியது என்று நம்பி, கெர்னலோடு வரும் டிரைவரை ஒதுக்கிவிட்டு, அதைக் கம்பைல் செய்து போட்டிருந்தேன். ஒரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு அது கம்பைல் ஆகவில்லை, கெர்னலின் சொந்த டிரைவர் எடுத்துக்கொண்டது, அன்றிலிருந்து தொங்குவது தானாக நின்றிருந்தது. ஈத்டூலில் சிறிய ஐ போட்டுப் பார்த்தபோதுதான் டிரைவர் மாறியிருப்பதே தெரிந்தது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, கெர்னலின் டிரைவரில் இந்தக் கார்டுக்கு டிஎஸ்ஓ தொடக்கத்திலேயே ஆஃப். கெர்னல் டிரைவர்களில் குறிப்பிட்ட சிப்புக்கு இது வேண்டாம், அந்த வடிவத்துக்கு அது வேண்டாம் என்று பலரும் பட்ட அனுபவம் விதிவிலக்குகளாகச் சேர்ந்துகொண்டே வரும். கம்பெனி டிரைவரோ பெட்டியில் அச்சடித்தது எல்லாவற்றையும் ஆனில் வைத்திருந்தது. வி-லேன் கோளாறு மட்டும் இரண்டு டிரைவரிலும் இருந்தது, அதனால் அது சிப்பிலோ ஃபர்ம்வேரிலோ இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாற்றியவற்றை நிரந்தரமாக்க மறக்காதீர்கள். ஈத்டூலில் செய்தது ரீபூட் ஆனால் போய்விடும். சிஸ்டம்டி லிங்க் கோப்பிலோ நெட்வொர்க் மேனேஜரின் ஈத்டூல் அமைப்பிலோ எழுதி வைக்கலாம். இன்னொன்று, சில டிரைவர்கள் ஒரு ஆஃப்லோடை மாற்றும்போது இணைப்பையே ஒரு தடவை இறக்கி ஏற்றும், அதனால் தூரத்தில் இருக்கும் சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக இந்த வேலையைச் செய்யாதீர்கள், கீபோர்டும் மானிட்டரும் பக்கத்தில் இருக்கட்டும்.

விண்டோஸில் வைத்திருப்பவர்கள் டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்தால் இதே பெயர்கள் கொஞ்சம் மாறி இருக்கும்: டிஎஸ்ஓவுக்கு அங்கே லார்ஜ் சென்ட் ஆஃப்லோடு, ஐபிவி4க்கும் ஐபிவி6க்கும் தனித்தனி வரி, ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். ரூட்டராகவோ ஃபயர்வாலாகவோ ஓட்டினால் எல்ஆர்ஓ அணைந்திருக்க வேண்டும், இது கோளாறு இல்லாத கார்டுக்கும் பொருந்தும், ஏனென்றால் எல்ஆர்ஓ ஒட்டிய பாக்கெட்டை முன்பிருந்தபடியே பிரிக்க முடியாது. ஃப்ரீபிஎஸ்டி அடிப்படையிலான ஃபயர்வால்களில் செக்சம், டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ மூன்றையும் அணைக்கத் தனித்தனிப் பெட்டிகள் அமைப்புப் பக்கத்திலேயே இருப்பது இந்த மாதிரி அனுபவங்களால்தான். விர்ச்சுவல் மெஷின்களில் டிஹெச்சிபி முகவரி (தானாகக் கொடுக்கப்படும் நெட்வொர்க் முகவரி) மட்டும் கிடைக்காமல் அடம்பிடித்தால் செக்சம் ஆஃப்லோடைச் சந்தேகப்படுங்கள், ஒரே மெஷினுக்குள் போகும் பாக்கெட்டுக்கு யாரும் செக்சம் எழுதி முடிப்பதில்லை, சில பழைய டிஹெச்சிபி கிளையண்டுகள் அதைப் பார்த்துத் தூக்கி எறிந்துவிடும்.

சரி, வாங்கலாமா? வி-லேன் இல்லாத வீட்டு நெட்வொர்க், கெர்னலோடு வரும் டிரைவர், இந்த இரண்டும் உங்கள் நிலை என்றால் தாராளமாக வாங்கலாம், வேகம் உண்மை, சூடு அதிகமாகவில்லை, நான்கு மாதத்தில் இணைப்பு வேகம் ஒரு தடவை கூட 1 ஜிகாபிட்டுக்கு இறங்கவில்லை. வி-லேன் இருந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஆர்எக்ஸ் வி-லேனை அணைத்துவிட்டு, அதுவரை நகல் எடுத்த ஒவ்வொரு கோப்பையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள், மூலத்தை அதுவரை அழிக்காதீர்கள். நான் அப்படி எல்லாவற்றையும் ஒப்பிட்டு முடித்தபோது கெட்டவை மொத்தம் ஏழு.

என் சர்வரில் இப்போது ஆர்எக்ஸ் வி-லேன் ஆஃப், டிஎஸ்ஓ ஆஃப், ஆர்எக்ஸ் செக்சமும் ஆஃப், மற்றதெல்லாம் ஆன். ஆர்எக்ஸ் செக்சத்தை ஆன் செய்யலாம், தேவை இல்லாவிட்டாலும் அணைத்தே வைத்திருக்கிறேன், அந்த எண்ணி பூஜ்யத்திலேயே இருக்கிறதா என்று காலையில் ஒரு தடவை பார்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு மாதமாகப் பூஜ்யம். 81 00 00 14 கதையை, சிஎம்பி வெளியீட்டோடு, ஆன் செய்தால் வருகிறது, அணைத்தால் நிற்கிறது என்ற சோதனைக் குறிப்புகளோடு கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை கேபிளை மாற்றச் சொல்லவில்லை, பொறியாளர் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. ஃபர்ம்வேர் திருத்தம் வந்தால் அதே 200 ஜிபியை ஓட்டிப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணை மாற்றுகிறேன்.